ஓட்டத்தை எடை போடும் பெட்டி

ரக்பி ஆடும் பெண்களின் முதுகில் ஜி.பி.எஸ். கருவி ஏறி உட்கார்ந்துவிட்டது. எத்தனை தூரம் ஓடினார் என்பதை அது துல்லியமாகச் சொல்கிறது. எவ்வளவு சிரமப்பட்டு ஓடினார் என்று சொல்வதற்குள் தடுமாறுகிறது. காரணம், அதற்குள் இருக்கும் அளவுகோல் ஆண்களுக்காகப் போடப்பட்டது.

மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வளைவுக்கு வளைவு கியர் இறங்குகிறது. வேகத்தைக் காட்டும் முள் எழ மறுக்கிறது. என்ஜினோ அலறுகிறது. சமவெளியில் இதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் சத்தமில்லாமல் ஓடிய அதே பஸ்தான். அந்தப் பக்கம் தாளபெட்டாவிலிருந்து கால்நடையாக ஏறும் பக்தர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஊர்ந்துதான் போகிறார்கள், ஆனால் நாலு வார்த்தை பேச மூச்சு இல்லை. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து, இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட இந்த மலை, அங்கே போய் வருகிற சேலம், தர்மபுரி, ஈரோடு மக்களுக்கு ஒரு பாடத்தைக் காலில் எழுதி அனுப்புகிறது: வேகம் வேறு, உழைப்பு வேறு.

மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத இந்த விஷயம் சமதள மைதானத்துக்கு வந்ததும் மறந்துபோகிறது. அங்கே வேகமாக ஓடியவர் உழைத்தவர், மெதுவாக ஓடியவர் சோம்பேறி. விளையாட்டு உலகம் கடந்த இருபது ஆண்டுகளாக இந்தக் கணக்கைச் சரிசெய்யப் படாதபாடு படுகிறது. அதற்காக அது நம்பியிருப்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவியை. வீராங்கனையின் இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, இறுக்கமான உள்சட்டையின் பையில் அது உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பெட்டியின் பலமும் பலவீனமும் பளிச்சென்று தெரியும் ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது பெண்கள் ரக்பி.

ரக்பி இந்தியாவுக்குப் புதிதல்ல. கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் நடத்திய ரக்பி கிளப் ஒன்று 1870களில் கலைந்தபோது, பாங்கில் மீதமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் மோதுகின்றன. ஆனால் இங்கே ஆட்டம் நெடுங்காலம் ஜிம்கானா கிளப்புகளையும் ராணுவத்தையும் தாண்டவில்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், பின்னால் வருபவருக்கு மட்டுமே கையால் வீசலாம், எதிராளி இடுப்பைக் கட்டிப்பிடித்து மண்ணில் சாய்க்கலாம். இப்படிப்பட்ட ஆட்டத்தைப் பெண்கள் ஆடுவார்கள் என்று அந்த கிளப்புகளில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். இந்தியப் பெண்கள் ரக்பியின் முகவரிகள் நகரத்து கிளப்புகள் அல்ல. புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் கிஸ் கல்வி நிறுவனம். வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் காட்டை ஒட்டிய சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம். பிகாரின் நாலந்தா, பாட்னா மாவட்டக் கிராமங்கள். அரசு வேலை என்ற கனவும் இதில் கலந்திருக்கிறது. பதக்கம் கொண்டுவந்தால் வேலை என்று பிகார் அரசு அறிவித்த திட்டத்தில் ரக்பி வீராங்கனைகளும் பலன் பெற்றிருக்கிறார்கள். அணியில் இடம் கிடைப்பது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடும்.

ஆடுகளத்தில் வளர்ச்சி மெதுவானது, ஆனால் நிஜமானது. அணிக்கு 15 பேர் ஆடும் முழு ரக்பியில் இந்தியப் பெண்கள் முதன்முதலாக சர்வதேச ஆட்டத்தில் இறங்கியது 2018ல், சிங்கப்பூரில். தோற்றார்கள். அடுத்த ஆண்டே, 2019 ஜூனில், மணிலாவில் அதே சிங்கப்பூரை 21-19 என்று வீழ்த்தினார்கள். கிஸ்ஸில் வளர்ந்த சுமித்ரா நாயக் கடைசி நிமிடங்களில் அடித்த பெனால்டி உதை அந்த முதல் வெற்றியைத் தந்தது. அணிக்கு 7 பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில், 2025 ஆகஸ்டில் பிகாரின் ராஜ்கீரில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். எட்டாத உயரத்தில் ஒலிம்பிக் இருக்கிறது. 2016 முதல் செவன்ஸ் அங்கே இடம்பெற்றிருக்கிறது. பெண்கள் பிரிவில் முதல் தங்கம் ஆஸ்திரேலியாவுக்கு, அடுத்த இரண்டும் நியூசிலாந்துக்கு.

அந்த நாடுகளுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைக் கருவிகளால் நிரப்பிவிடலாம் என்ற ஆசை இயல்பானது. அதனால்தான் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

வானத்திலிருந்து ஒரு கண்

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் குழந்தை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரக்குறிப்புடன் சிக்னல்களை அனுப்புகின்றன. கீழே உள்ள கருவி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல்கள் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. அப்போது நூறு மீட்டர்வரை பிழை வரும். நூறு மீட்டர் நீளமுள்ள ரக்பி மைதானத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? 2000 மே மாதம் கிளிண்டன் உத்தரவில் அந்தத் தடை நீங்கியது. விளையாட்டுக்கு ஜி.பி.எஸ். கதவு திறந்தது அப்போதுதான். கதவைத் தாண்டி முதலில் ஓடியவர்கள் ஆஸ்திரேலியர்கள். இன்று உலகெங்கும் விற்கும் கருவிகளில் பல அந்த நாட்டின் விளையாட்டு ஆய்வுக் கூடங்களில் வேர் விட்டவை.

இப்போதைய கருவிகள் விநாடிக்கு 10 முறை கணக்கெடுக்கின்றன. வேகத்தை அறிய இடத்தை மட்டும் நம்புவதில்லை. நெருங்கி வரும் ரயிலின் ஹார்ன் சத்தம் கீச்சென்று ஒலித்து, கடந்து போனதும் தடித்துப் போவதைப் போல, செயற்கைக்கோள் சிக்னலின் அலைவரிசையும் ஓடுபவரின் வேகத்துக்கேற்ப மிக நுட்பமாக மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து வேகம் கிடைக்கிறது. கூடவே அசைவையும் அதிர்ச்சியையும் அளக்கும் சில்லுகளும் உள்ளே இருக்கின்றன. அவை விநாடிக்கு நூறு முறை வேலை செய்கின்றன. ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டரில் செருகினால், மொத்த தூரம், உச்ச வேகம், எந்த வேகத்தில் எத்தனை மீட்டர், எத்தனை முறை திடீரென வேகமெடுத்தார், எத்தனை முறை பிரேக் போட்டார் என்று பட்டியல் கொட்டுகிறது.

பட்டியலின் முதல் வரியே ஏமாற்றக்கூடியது. மொத்த தூரத்தை மட்டும் பார்த்தால், 80 நிமிட முழு ரக்பியில் சர்வதேச வீராங்கனை ஒருவர் ஓடுவது ஐந்தரை முதல் ஆறு கிலோமீட்டர். 14 நிமிட செவன்ஸில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். முதலாவதுதான் கடினம் என்று தோன்றும். நிமிடத்தால் வகுத்தால் படம் மாறுகிறது. முழு ரக்பியில் நிமிடத்துக்கு 70 மீட்டர் சொச்சம். செவன்ஸில் நூறைத் தாண்டுகிறது. அதே அகல நீளமுள்ள மைதானத்தை 15 பேருக்குப் பதில் 7 பேர் காப்பதால் வரும் விளைவு. அதிலும் செவன்ஸில் ஒரே நாளில் இரண்டு, மூன்று ஆட்டங்கள்.

சராசரியும் முழு உண்மை அல்ல. பந்து வெளியே போய், நடுவர் விசில் அடித்து, காயம் பார்த்து என்று ஆட்டம் நிற்கும் நேரமெல்லாம் சராசரியைக் கீழே இழுக்கிறது. தோல்வி தீர்மானமாவது சராசரி நிமிடத்தில் அல்ல. எதிரணி தொடர்ந்து தாக்க, மூச்சு வாங்க இடமில்லாமல் ஓடும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில்தான். ஆகவே விவரமறிந்த பயிற்சியாளர்கள் ஆட்டத்தின் மிகக் கடுமையான ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் எது என்று தேடுகிறார்கள். சராசரிக்குப் பயிற்சி எடுத்த அணி, உச்சத்தில் உடைந்துபோகும் என்பது அவர்களுடைய வாதம்.

யாருடைய வேகம்?

உண்மையான சிக்கல் அடுத்த வரியில் காத்திருக்கிறது. பட்டியலில் 'அதிதீவிர ஓட்டம்' என்று ஒரு கட்டம் இருக்கும். எந்த வேகத்துக்கு மேல் ஓடினால் அது அதிதீவிரம்? யாரோ ஒருவர் ஒரு கோடு போட வேண்டும். பல காலம் போடப்பட்டிருந்த கோடு விநாடிக்கு 5 மீட்டர். அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். ஆண்கள் ஆடும் ஆட்டங்களில் பழகிப்போன கோடு அது. பெண்கள் ரக்பிக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த வழக்கத்தைப் பிடித்து உலுக்கியது. செவன்ஸ் வீராங்கனைகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு, முகமூடி மாட்டி மூச்சுக்காற்றை அளந்தார்கள். ஓட்டம் வேகமாக ஆக, ஒரு கட்டத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் எகிறத் தொடங்கும். அதற்குமேல் அந்த வேகத்தை உடல் நீண்ட நேரம் தாங்காது. நிஜமான தீவிரம் தொடங்கும் இடம் அதுதான். அந்த வீராங்கனைகளுக்கு அது சராசரியாக விநாடிக்கு 3.5 மீட்டரிலேயே வந்துவிட்டது. மணிக்கு 12.6 கிலோமீட்டர். விநாடிக்கு 5 மீட்டர் என்ற கோட்டை வைத்துப் பார்த்தபோது, அவர்கள் செய்த தீவிர ஓட்டத்தில் 30 சதவீதம்வரை கணக்கிலேயே வராமல் போனது.

இதன் பொருள் என்ன? ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு பெண் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிராளியைத் துரத்தி, திரும்பி, மறுபடி துரத்துகிறார். நுரையீரல் வெடிக்கிறது. பழைய கோட்டின்படி அவருடைய கட்டத்தில் விழுவது பூஜ்யம். கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும் பயிற்சியாளர் இரண்டில் ஒரு முடிவுக்கு வருவார். ஒன்று, இவள் உழைக்கவில்லை என்று முத்திரை குத்துவார். அல்லது, இன்றைய ஆட்டம் லேசானது, நாளை பயிற்சியைக் கூட்டலாம் என்பார். முதல் முடிவு அவருடைய இடத்தைப் பறிக்கும். இரண்டாவது முழங்காலைப் பறிக்கலாம்.

பெண்களுக்கென்று தனியாக 3.5 என்று ஒரு கோடு போட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. சராசரிக்கோட்டை எல்லோருக்கும் பொருத்தினாலும் தனி ஆளுக்கு ஆள் பிழை வருகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஓரத்தில் ஓடும் மின்னல் வேக விங் வீராங்கனைக்கும், நடுவில் முட்டி மோதும் கனத்த முன்வரிசை வீராங்கனைக்கும் தீவிரம் தொடங்கும் இடம் ஒன்றாக இருக்க முடியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்து, ஒவ்வொருவருக்கும் தனிக் கோடு போடுவதே நேர்மையான வழி. அதற்கு முகமூடியும் டிரெட்மில்லும் கட்டாயமல்ல. மைதானத்திலேயே ஓடவிட்டு உச்ச வேகத்தையும் தாங்கும் வேகத்தையும் கண்டுபிடிக்கும் எளிய சோதனைகள் இருக்கின்றன. தேவை கொஞ்சம் பொறுமை.

மைதானத்தில் ஒளிந்திருக்கும் மலை

தனிக் கோடு போட்ட பிறகும் ஒன்று தப்பிப்போகிறது. அங்கேதான் மாதேஸ்வரன் மலை பஸ் மறுபடி நினைவுக்கு வருகிறது.

ரக்பியில் நூறு மீட்டர் நேராக ஓடும் வாய்ப்பு அபூர்வம். பெரும்பாலும் ஐந்து, பத்து மீட்டர் பாய்ச்சல். நின்ற இடத்திலிருந்து வெடித்துக் கிளம்பி, உச்ச வேகத்தைத் தொடுமுன்பே யாரோ கட்டிப்பிடிக்கிறார்கள். வேகக் கணக்கில் இது சொற்பம். உடலுக்கோ இதுதான் பெரும் செலவு. இத்தாலிய உடலியல் அறிஞர் டி பிராம்பெரோவும் அவருடைய சகாக்களும் 2005ல் இதற்கு ஓர் அழகான விளக்கம் தந்தார்கள். சமதளத்தில் வேகம் கூட்டிக்கொண்டே ஓடுபவர் முன்பக்கம் சாய்கிறார். மேட்டில் ஒரே வேகத்தில் ஏறுபவரும் தரையைப் பொறுத்து அதே கோணத்தில்தான் சாய்ந்திருக்கிறார். ஆகவே முடுக்கத்தை ஒரு மேடாக மாற்றிக் கணக்கிடலாம் என்றார்கள்.

எண்ணில் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒவ்வொரு விநாடியும் தன் வேகத்தை விநாடிக்கு 3 மீட்டர் கூட்டுபவர், புவியீர்ப்பு கணக்கின்படி, 100 மீட்டருக்கு 30 மீட்டர் உயரும் சரிவில் ஓடுவதற்குச் சமம். பஸ் போகும் எந்த மலைச் சாலையும் அவ்வளவு செங்குத்தாக இருக்காது. அந்தச் சரிவில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆகும் சக்தி, சமதளத்தில் ஆவதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆக, பார்வைக்குத் தட்டையாகக் கிடக்கும் மைதானத்தில் ரக்பி வீராங்கனை மணிக்கணக்கில் குட்டிக் குட்டி மலைகளை ஏறிக்கொண்டிருக்கிறார். வேகத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த மலைகள் தெரிவதில்லை.

இந்தக் கணக்கையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. குறுகிய பாய்ச்சல்களை அளப்பதில்தான் ஜி.பி.எஸ். அதிகம் சறுக்குகிறது. கூரை உயர்ந்த ஸ்டேடியங்கள் சிக்னலை மறைக்கின்றன. ஒரு கம்பெனியின் கருவி சொல்வதை இன்னொரு கம்பெனியின் கருவியோடு ஒப்பிட முடியாது. ஒரே கம்பெனியின் இரண்டு பெட்டிகளே வித்தியாசமாகச் சொல்லும் என்பதால், ஒவ்வொருவருக்கும் எப்போதும் அதே பெட்டி என்பது பாலபாடம். இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை, மோதல். ஸ்க்ரம் என்ற தள்ளுமுள்ளில் எட்டுப் பேர் எட்டுப் பேரோடு தலை கோத்து முழுபலத்துடன் தள்ளும்போது, நகரும் தூரம் சில அடிகள். பெட்டியைக் கேட்டால் நின்றுகொண்டிருந்தார்கள் என்று சொல்லும். டேக்கிள் செய்து, விழுந்து, எழுந்து, மறுபடி விழும் செலவும் அப்படியே. மோதல் ஆட்டங்களில் இந்தக் கணக்குகள் உண்மையான சக்திச் செலவைக் குறைத்தே காட்டுகின்றன என்பதை ஆய்வுகள் ஒப்புக்கொள்கின்றன.

அதனால் பணக்கார ரக்பி இன்னொரு கருவியைத் தேடிப் போயிருக்கிறது. பல்லைக் காக்கும் மவுத்கார்டுக்குள் சென்சார் வைத்து, தலையில் விழும் அதிர்ச்சியை அளக்கிறார்கள். 2025ல் இங்கிலாந்தில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையில், பலத்த அடி விழுந்தால் சிவப்பாக ஒளிரும் மவுத்கார்டுகள் வந்தன. லண்டனில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்க 81,885 பேர் திரண்டார்கள். இங்கிலாந்து 33-13 என்று கனடாவை வென்றது. அந்த மேடைக்கும் சரஸ்வதிபூர் தோட்டத்து மைதானத்துக்கும் உள்ள தூரத்தை எந்தச் செயற்கைக்கோளும் அளக்காது.

பெங்களூர் தந்த பாடம்

கருவியால் இந்தியப் பெண்களுக்குப் பயனே இல்லை என்று சொல்லவும் முடியாது. மாதேஸ்வரன் மலையிலிருந்து சில மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிறது பெங்களூர். அங்குள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில்தான் தேசிய பெண்கள் ஹாக்கி அணி பயிற்சி எடுக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 12 அணிகளில் கடைசியாக வந்த அணி அது. அதன் பிறகு தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த வெய்ன் லம்பார்டு அறிவியல் ஆலோசகராக வந்து, உடல்தகுதியை முழுக்க மாற்றி அமைத்தார். ஜி.பி.எஸ். உள்சட்டை, இதயத்துடிப்பு அளவு, தூக்கம், சாப்பாடு என்று எல்லாமே கணக்குக்குள் வந்தன. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். யாரை எப்போது வெளியே அழைத்து மூச்சு வாங்க விடுவது என்று முடிவெடுக்க இந்த எண்கள் உதவின. டோக்கியோவில், 2021 ஆகஸ்டில், அந்தப் பெண்கள் ஆஸ்திரேலியாவை 1-0 என்று கவிழ்த்து, நான்காவது இடம் பிடித்தார்கள். கடைசி நிமிடம்வரை ஓடினார்கள் என்பதுதான் அப்போது எல்லோரும் கவனித்தது.

அதே அணி 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெட்டி கோல் போடாது. பயிற்சியாளர், ஆட்டத்திறன், மனஉறுதி, கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தால்தான் வெற்றி. ஆனால் ஹாக்கியின் அனுபவம் ஒன்றைக் காட்டுகிறது. கருவி வாங்கியதால் அல்ல, எண்களைத் தினமும் படித்து அதன்படி நடக்க ஓர் ஆள் அணியோடு இருந்ததால்தான் பயன் விளைந்தது.

ரக்பிக்கு அந்த வசதி குறைவு. ஆண்டில் சில வாரங்கள் முகாம், சில ஆட்டங்கள். மீதி நாள் வீராங்கனைகள் தங்கள் ஊரில். முகாமில் கிடைக்கும் பத்து நாள் எண்ணை வைத்துக்கொண்டு, வீட்டில் அவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு ஓடினார் என்று தெரியாமல், ஒரு முடிவுக்கு வருவது ஆபத்து.

இந்தியாவில் இந்த ஆபத்துக்கு ஒரு குறிப்பிட்ட பெயர் உண்டு: ரத்தசோகை. 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்த பெண்ணும் குறையாத பெண்ணும் தோளோடு தோள் ஒரே வேகத்தில் ஓடினால் பெட்டி இருவருக்கும் ஒரே மதிப்பெண் போடும். ஒருத்திக்கு அது சமவெளி, இன்னொருத்திக்கு மலை. பெட்டி அளப்பது வெளியே தெரியும் ஓட்டத்தை. உள்ளே உடல் கொடுக்கும் விலை வேறு.

நோட்டுப் புத்தகம் போதும்

அந்த விலையை அறிய ஒரு வழி இருக்கிறது. அதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும். அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பிரபலமாக்கிய முறை இது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: இன்று எவ்வளவு கடினமாக இருந்தது? சும்மா இருப்பது பூஜ்யம், இதற்குமேல் முடியாது என்பது 10. சொன்ன எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்க வேண்டும். 60 நிமிடப் பயிற்சிக்கு 7 என்று ஒருவர் சொன்னால் அன்றைய சுமை 420. அதே பயிற்சிக்கு வழக்கமாக 5 சொல்பவர் திடீரென்று 8 சொன்னால் ஏதோ கோளாறு. காய்ச்சலா, மாதவிலக்கா, தூக்கமின்மையா, வீட்டுக் கவலையா என்று விசாரிக்க வேண்டிய நேரம். மோதலும் ஸ்க்ரம்மும் வெயிலும் ரத்தசோகையும் இந்த எண்ணுக்குள் தாமாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன. பெட்டி இருக்கும் இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. ஓட்டம் அதேதான், சிரமம் கூடியிருக்கிறது என்றால் எச்சரிக்கை மணி.

இதற்கு ஒரே நிபந்தனை, பெண் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். 9 என்று சொன்னால் அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று நினைக்கும் பெண் 5 என்றுதான் சொல்வார். பயிற்சியாளர் மீது நம்பிக்கை இல்லாத இடத்தில் நோட்டுப் புத்தகமும் பொய் சொல்லும்.

காயத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற விளம்பரங்களிடமும் எச்சரிக்கை தேவை. கடந்த ஒரு வாரச் சுமையை நான்கு வாரச் சராசரியால் வகுத்து, அந்த விகிதம் கூடினால் காயம் வரும் என்ற சூத்திரம் சில ஆண்டுகள் உலகெங்கும் கொடிகட்டிப் பறந்தது. பிறகு புள்ளியியல் அறிஞர்கள் அதன் அஸ்திவாரத்தையே கேள்வி கேட்டார்கள். சுமையைத் திடீரென்று ஏற்றாதே என்ற பழைய புத்திமதி மட்டும் நிற்கிறது. பெண்களுக்கு இது கூடுதல் முக்கியம். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுந்துபோகும் அபாயம், ஒரே மாதிரி ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்த உண்மை. வேகமாக ஓடி, சடாரென்று பிரேக் போட்டுத் திரும்பும் நொடியில்தான் அது பெரும்பாலும் நடக்கிறது. அறுந்தால் ஆபரேஷன், குறைந்தது ஒன்பது மாத ஓய்வு. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு அது ஆட்டத்தின் முடிவாகவே ஆகிவிடக்கூடும்.

இன்னொரு கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. இந்த எண்கள் யாருக்குச் சொந்தம்? ஒரு பெண்ணின் இதயத்துடிப்பு, ஓட்டம், களைப்பு, சில இடங்களில் மாதவிலக்குத் தேதி எல்லாமே கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. ரக்பி முகாம்களில் 18 வயது நிரம்பாதவர்கள் ஏராளம். 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம், இந்த வயதினரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஒடிசாவின் மலைக் கிராமத்தில் இருக்கும் தாய் தகப்பனுக்கு, மகளின் முதுகில் இருக்கும் பெட்டி என்ன எழுதிக்கொள்கிறது என்று அவர்கள் மொழியில் யார் விளக்குவது? குறைந்தபட்சம், அந்த எண்ணை முதலில் பார்க்கும் உரிமை ஓடிய பெண்ணுக்கு இருக்க வேண்டும்.

பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. இந்திய ரக்பிக்குப் பணம் வரத்தான் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூனில் மும்பையில் ஆறு அணிகளுடன் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. வெளிநாட்டு நட்சத்திரங்கள் வந்தார்கள். சென்னை புல்ஸ் முதல் கோப்பையைத் தூக்கியது. ஆனால் அது ஆண்களுக்கான லீக். பதக்கம் கொண்டுவரும் பெண்களுக்கு அப்போது அந்த மேடையில் இடம் இருக்கவில்லை. நாளை அவர்களுக்கும் விலையுயர்ந்த பெட்டிகள் வரலாம். அப்போது ஆண்களுக்காகப் போட்ட கோடுகளோடு அவை வந்து இறங்கினால், பெண்களின் உழைப்பில் ஒரு பகுதி திரையில் விழாமலே போகும். எண்ணில் இல்லாத உழைப்புக்குச் சம்பளமும் இருக்காது, ஓய்வும் இருக்காது.

மாதேஸ்வரன் மலை ஏறும் பக்தர் கூட்டத்தில் பேரனோடு பாட்டியும் இருப்பார். யாரும் அவர் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறார் என்று கேட்பதில்லை. மூச்சு வாங்குவதைப் பார்த்து, உட்காருங்கள் என்று கல்லைக் காட்டுகிறார்கள். தண்ணீர் தருகிறார்கள். எழுந்ததும் சேர்ந்து நடக்கிறார்கள். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் துணையோடு ரக்பி கற்றுக்கொள்ள முயல்வதும் கடைசியில் இதைத்தான். ஓடுகிற பெண்ணுக்கு எதிரே இருப்பது எவ்வளவு பெரிய மலை என்று முதலில் தெரிந்துகொள்வது.